உத்திரமேரூர்: இருபத்தொரு கட்டப் படிவமும் ஒரு மோட்டார் கொட்டகையும்

போன பதிவின் பின்னூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். தொழிற்பயிற்சி ஆசிரியர்களின் வகுப்பைப் பார்வையிட உத்திரமேரூர் பக்கம் போக வேண்டியிருக்கிறதாம். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று விசாரித்திருந்தார். நான் அதே வேலைக்காக அங்கே போய் வந்து ஓராண்டு ஆகிறது. 2008 ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை. இத்தனை நாளாக அதை எழுதாமல் தட்டிக்கழித்து வந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம். கல்வெட்டுக் கோயிலைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் மன்னிக்கவும். அந்தக் கோயில் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான் சென்னையில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் நடத்துகிறேன். கிராமத்துத் தொழிற்பயிற்சி மையங்களில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்காக அப்போது ஒரு பயிற்சித் திட்டம் நடந்துகொண்டிருந்தது. வேலையை விட்டுவிட்டு அவர்களால் மாதக்கணக்கில் சென்னையில் வந்து உட்கார முடியாது. அதனால் பாடங்களை சி.டி.யில் போட்டு அனுப்பிவிடுவோம். சனிக்கிழமைகளில் அவர்கள் பக்கத்து ஊர் பிரவுசிங் சென்டருக்குப் போய் இணையத்தில் தேர்வு எழுதுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேர் வகுப்பு. கடைசியில் சென்னையிலிருந்து ஒரு பார்வையாளர் போவார். அந்த ஆசிரியர் தன் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பதை நேரில் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார். மின்சாரப் பாடங்களின் சி.டி.யை எழுதியது நான். பார்வையாளராகப் போனதும் நான்தான். பரிமாறியவளே சாப்பாட்டுக்கு மார்க் போடுகிற கதை என்று என் கணவர் அப்போதே கிண்டல் செய்தார்.

பார்வையாளரிடம் இருபத்தொரு கட்டம் போட்ட ஒரு படிவம் இருக்கும். பதின்மூன்று கட்டத்தில் டிக் விழுந்தால் தேர்ச்சி. கூடவே ஒரு கண்டிப்பான விதி: வகுப்பு தொடங்கி முடியும்வரை பார்வையாளர் வாய் திறக்கக் கூடாது. தலையசைக்கக்கூடக் கூடாது. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சக பார்வையாளர்கள் சிலர் நடுவில் புகுந்து பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பார்க்கப் போனது தேவகி என்ற ஆசிரியையை. (பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.) இருபத்தொன்பது வயது. காவாந்தண்டலம் போகும் சாலையில் ஒரு கிராமத்தில் இருக்கும் தனியார் பயிற்சி மையத்தில் எலக்ட்ரீஷியன் பாடம் எடுப்பவர். இணையத் தேர்வில் அவர் மதிப்பெண் மோசம். இரண்டு முறை பாதித் தேர்வில் கரண்ட் போய்விட்டது, அதுவும் எழுதிய கணக்கில் சேர்ந்துவிட்டது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி எனக்கு எரிச்சலைக் கிளப்பியிருந்தது. மூன்று ஃபேஸ் மோட்டார் ஓடுவதற்குக் கன்டென்சர், அதாவது மின்தேக்கி, தேவை, சரியா தவறா என்று கேட்டிருந்தோம். தவறு என்பது பாலபாடம். வீட்டுக் கிணற்றில் இருக்கும் சின்ன மோட்டாருக்குத்தான் கன்டென்சர் வேண்டும். தேவகி மூன்று முறையும் 'சரி' என்றே போட்டிருந்தார். விளக்கி ஒரு நீளமான மின்னஞ்சல் அனுப்பினேன். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து ஒரு வரி பதில் வந்தது: "இங்க தேவப்படுது மேடம்." திமிர் என்று முடிவு கட்டினேன்.

பார்வையாளர் வந்து பார்க்கும் செய்முறை வகுப்பில் தேறாவிட்டால் அவர் பெயர் திட்டத்திலிருந்து நீக்கப்படும் என்று அலுவலகம் கடிதம் அனுப்பிவிட்டது. சான்றிதழ் இல்லாதவரை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று மையத்தின் கரெஸ்பாண்டென்ட்டும் சொல்லிவிட்டார். ஆக, அந்த ஒரு வியாழக்கிழமையில்தான் தேவகியின் வேலை இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

இனி வழி. தாம்பரத்தில் காலை 5.50 மின்சார ரயிலில் ஏறினால் 6.40 வாக்கில் செங்கல்பட்டு. டிக்கெட் எட்டு ரூபாய். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பேருந்து நிலையம் நடக்கும் தூரம்தான். உத்திரமேரூர் பஸ் எனக்கு 7.15க்குக் கிடைத்தது. கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரம் என்பார்கள், நம்பாதீர்கள். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 8.45க்கு இறங்கினேன். பேருந்து நிலையத்தை ஒட்டி வரிசையாக டிபன் கடைகள் இருக்கின்றன. இட்லி நன்றாக இருந்தது. வடை முதல் நாள் வடை.

அங்கிருந்து மையம் பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ் 9.40க்கு என்றார்கள், பத்தாகியும் வரவில்லை. நான் பத்தரைக்கு மையத்தில் இருக்க வேண்டும். பார்வையாளர் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் வகுப்பே ரத்து, அது அந்தப் பெண்ணின் தலையில்தான் விடியும். ஆட்டோ பிடித்தேன். நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு முடிந்தது. ஓட்டுநர் வழியெல்லாம் கரண்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அந்த வருடம் யார் வாயைத் திறந்தாலும் அதே பேச்சுதான். பம்புசெட்டுக்கு வேண்டிய மூன்று ஃபேஸும் காலையில் சில மணி நேரம்தான் வருமாம், மீதி நேரம் இரண்டு ஃபேஸ், வீட்டில் பல்பு எரியும், மோட்டார் ஓடாது. ஆனால் நாங்கள் போன வழியில் பத்தரை மணிக்கும் இரண்டு மூன்று கொட்டகைகளில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. அவர் என் மடியில் இருந்த ஃபைலை ஒரு முறை கண்ணாடியில் பார்த்தார். "மேடம் இன்னா ஆபீஸு?" என்றார். எரிச்சலில் இருந்தேன். கவர்மென்ட் மாதிரிதான், சீக்கிரம் போங்கள் என்றேன். அதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

மையத்தை அடைந்தபோது 10.35. கரெஸ்பாண்டென்ட் டீ வரவழைத்தார். மேஜைமேல் வேறு ஒருவரின் விண்ணப்பம் திறந்தபடி இருந்தது. டிப்ளமோ படித்தவராம், இந்த மாதமே சேரத் தயாராம். தேவகி நன்றாகத்தான் எடுக்கிறார், ஆனால் பேப்பர் முக்கியம் இல்லையா என்று அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது தேவகி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான உருவம். புடவை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, ஆண்கள் போடும் கறுப்பு ஷூ போட்டிருந்தார். கையில் ஒரு நோட்டு.

"நீங்க சி.டி.ல சொன்ன ஏழு ஸ்டெப்பும் அப்டியே எழுதிக்கினு வந்துகீறேன் மேடம். ஒண்ணும் மாத்தல" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வகுப்பு தொடங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டேன். அவர் முகம் வாடிப்போனதைக் கவனித்தேன், பதற்றம் என்று நினைத்தேன்.

அன்றைய பாடம் மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து சோதிப்பது. மையத்தில் ஓடுகிற மோட்டார் கிடையாது. அதனால் முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருந்த ஏகாம்பரம் என்ற விவசாயியின் மோட்டார் கொட்டகையில்தான் செய்முறை எல்லாம் நடக்கும். அறுபது வயதுக்காரர், நாலு ஏக்கர் நெல். வரப்பு வழியாக நடந்து போனோம். வெயில் ஏறியிருந்தது. பதினொரு மாணவர்கள் முன்னால் போனார்கள். அவர்களில் கன்னியப்பன் என்றொருவர் இருந்தார். ஊர்க்கோடியில் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து வருபவர். இருபத்துநாலு வயது, கல்யாணமானவர். வாரத்தில் மூன்று நாள் கூலி வேலை, மூன்று நாள் வகுப்பு என்று தேவகி நடந்துகொண்டே சொன்னார். நான் அதற்கும் பதில் சொல்லவில்லை.

கொட்டகை வாசலில் ஏகாம்பரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வணக்கம் வைத்தார். நான் திருப்பி வைக்காமல் அடுக்கியிருந்த செங்கல்மேல் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன். அவர் தேவகியை ஓரமாக அழைத்து என்னவோ சொன்னார். அது என்ன என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "எல்லாத்தையும் கயட்டிட்டேன் டீச்சரம்மா, நீ பாட்டுக்கு நடத்து" என்று சொல்லியிருக்கிறார்.

11.10க்கு வகுப்பு தொடங்கியது. தேவகியின் குரல் முதலில் நடுங்கியது, பிறகு சரியாயிற்று. முதல் படி, மெயின் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது. அணைந்திருந்தது. இரண்டாவது, மூன்று ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது. மூன்றாவது, மெயினில் 'வேலை நடக்கிறது' என்று அட்டை மாட்டுவது. நான்காவது, டெஸ்டர் வைத்துப் பார்ப்பது. ஒவ்வொன்றையும் செய்துகாட்டி, ஒரு மாணவரைச் செய்யவைத்து, ஏன் என்று கேள்வி கேட்டார். என் சி.டி.யில் இருக்கிற வாக்கியங்கள் வரிசை மாறாமல் வந்தன. நான் வரிசையாக டிக் போட்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எங்கோ ஒரு வயல் நடுவில் என் பாடம் அச்சு அசலாக நடக்கிறது. டெஸ்டர் எரியவில்லை. ஐந்தாவது படி, பெட்டியைத் திறந்து முனைகளில் கை வைப்பது. கன்னியப்பனை அழைத்தார். அவர் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் திருகைக் கழற்றி, இன்னொரு கையை மோட்டாருக்குப் பின்னால் பிடிமானத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தது.

"இரு" என்றார் தேவகி.

கன்னியப்பன் கை அப்படியே நின்றது. தேவகி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகையும் எண்ணெயும் படிந்து கறுத்திருந்த சுவரில் ஓரிடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. எதையோ அப்போதுதான் எடுத்திருந்தார்கள். கீழே ஒரு கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"நைனா, கன்டென்சர் எங்க?" என்று கேட்டார்.

"இன்னா கன்டென்சரு? நம்ம கொட்டாயில அதெல்லாம் எப்பவும் கெடையாது" என்றார் ஏகாம்பரம். சொல்லும்போது அவர் தேவகியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

தேவகியும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது. அதில் ஒரு கேள்வி இருந்தது, நேராக என்னிடம் கேட்ட கேள்வி. நான் விதிப்படி தலையைக் குனிந்து படிவத்தைப் பார்த்தேன்.

அப்போது அவர் மனதில் ஓடியதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. கழற்றிவிட்டேன் என்று சொன்ன மனிதர் இப்போது எப்போதுமே இல்லை என்கிறார். ஆக அது இங்கேதான் எங்கோ இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் ஏகாம்பரம் மாட்டிக்கொள்வார், இனி எந்த விவசாயியும் வகுப்புக்குக் கொட்டகை தரமாட்டார். ஏழு படியில் இல்லாத ஒன்றைச் செய்தால் மதிப்பெண் போகும், வேலையும் போகும். எடுக்காமல் விட்டால் கன்னியப்பன் கை அந்தச் சாக்குக்கு நாலு விரல் தூரத்தில் இருக்கிறது.

தேவகி ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. கன்னியப்பன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். எல்லோரையும் வெளியே போய் நிற்கச் சொன்னார். கிளாஸ் நின்றுவிட்டது என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியால் சாக்கை விலக்கினார். கூடைக்கு அடியிலிருந்து வந்த இரண்டு ஒயர்களின் நுனிகள் அங்கே செம்பு தெரியச் சும்மா கிடந்தன. ஸ்க்ரூடிரைவரை இரண்டுக்கும் குறுக்கே வைத்தார்.

வெடிச் சத்தம். நீல வெளிச்சம். படிவம் என் மடியிலிருந்து விழுந்தது. ஸ்க்ரூடிரைவரின் முனையில் ஒரு பொட்டு உருகிப் போயிருந்தது.

இதை மின்சாரம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் பம்புசெட்டை ஓட்ட, இந்தப் பக்கத்து விவசாயிகள் ஒரு தகரப் பெட்டிக்குள் கன்டென்சர்களை வாங்கிப் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அது மூன்றாவது ஃபேஸின் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அனுமதி இல்லாத வேலை, பிடிபட்டால் தொல்லை. ஆனால் பயிர் காய்ந்துகொண்டிருக்கும்போது யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை. மெயினை அணைத்த பிறகும் கன்டென்சர் மின்சாரத்தைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும். டெஸ்டர் வைத்தால் எரியாது. இரண்டு நுனியையும் தொட்டால் ஆளைத் தூக்கிப் போடும், நேரம் சரியில்லை என்றால் உயிரே போகும். என் சி.டி.யில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மூன்று ஃபேஸ் மோட்டாருக்குக் கன்டென்சர் தேவையில்லை என்றுதான் நான் எழுதியிருந்தேன். தேவகி மூன்று முறை எழுதிய 'சரி' எதற்கு என்று அந்தக் கொட்டகை வாசலில்தான் எனக்கு உறைத்தது. கூசிப் போனேன்.

அதற்குள் ஏகாம்பரம் என் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். கேஸ் எழுதிவிட வேண்டாம், கனெக்ஷனைப் பிடுங்கினால் நெல் போய்விடும், இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். ஃபைலோடு ஓர் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறார், மின்வாரியமாகத்தான் இருக்கும் என்று யாரோ ஓடிவந்து சொல்லியிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அவசரமாக நிறுத்தி, மெயினை அணைத்து, கன்டென்சர் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக் கூடைக்குள் மறைத்து, பிடுங்கிய ஒயரை மோட்டாருக்குப் பின்னால் செருகியிருக்கிறார். மற்ற நாட்களில் அந்தப் பெட்டி எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் தொங்கும். தேவகி வகுப்பு தொடங்கும் முன் முதல் வேலையாக அதைத்தான் வெறுமையாக்குவாராம். அன்றைக்கு மட்டும் அது மறைந்திருந்தது. காரணம் நான்.

விதியை மீறினேன். நான் ஈ.பி. ஆள் இல்லை, பாலிடெக்னிக் ஆசிரியை, இந்தப் பெண் பாடம் நடத்துவதைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் கை இறங்கியது. முகத்தில் இருந்த பயம் போய்க் கோபம் வந்தது.

"இத மொதல்லயே சொல்லிக்கினா இன்னா கொறஞ்சி பூடுவ? வணக்கம் வெச்சேனே, ஒரு வார்த்த பேசினியா?" என்றார். ஒருமைக்கு இறங்கிவிட்டார். அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. வெளியே நின்றிருந்த கன்னியப்பன் அப்போதுதான் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கிளம்பலாம் என்று எழுந்தேன். தேவகி விடவில்லை. பசங்கள் இதைப் பார்த்துவிட்டார்கள், பாதியில் விட்டால் பயம்தான் மிஞ்சும், பாடம் மிஞ்சாது, உட்காருங்கள் என்றார். அவர் குரலில் நடுக்கம் சுத்தமாக இல்லை. நோட்டை மூடிக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டார். 11.35லிருந்து 12.20 வரை நடத்தினார். ஏகாம்பரத்திடம் கேட்டு, பெட்டியை மறுபடி சுவரில் மாட்டினார். ஃபியூஸ்களைத் திரும்பச் செருகி, மெயினைப் போட்டு அணைத்தார். இரண்டு பல்பை வரிசையாகக் கட்டிய டெஸ்ட் லேம்ப்பை ஒயர்களில் வைத்தபோது பல்பு ஒரு நொடி மின்னி அணைந்தது. பிடித்து வைத்திருந்தது அத்தனையும் அதில் போய்விட்டது என்றார். பதினொரு பேரையும் ஒவ்வொருவராகச் செய்யவைத்தார். கன்னியப்பன் தயங்கினார். தேவகி பக்கத்திலேயே நின்றார், கையைப் பிடிக்கவில்லை. இரண்டாவது முயற்சியில் அவரும் செய்தார். ஏகாம்பரமும் கடைசியில் செய்து பார்த்தார். பதினெட்டு வருடமாக அந்தக் கொட்டகையில் மோட்டார் ஓட்டுகிறவர்.

மையத்துக்குத் திரும்பியபோது ஒரு மணி. படிவத்தை அங்கேயே நிரப்பி, ஆசிரியரும் கரெஸ்பாண்டென்ட்டும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவது படியோடு பாடம் நின்றுவிட்டதால் ஒன்பதுதான் வந்தது. தோல்வி. எனக்கு வேறொரு வழி தெரிந்தது. படிவத்தின் அடியில் 'வகுப்பில் ஆபத்து நேர்ந்திருந்தால் காரணம்' என்று ஒரு வரி உண்டு. அதில் என் பெயரை எழுதினேன். பார்வையாளரால் ஆபத்து என்றால் வகுப்பு செல்லாது, தோல்வி ஆகாது. வேறு ஒருவர் வந்து மறுபடி பார்ப்பார். எழுதி முடித்ததும் மனது லேசாகிவிட்டது. நேர்மையாக நடந்துகொண்டேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

தேவகி நின்றபடியே படித்தார். மறுபடி எப்போது வருவார்கள் என்று கேட்டார். அடுத்த சுற்றில், ஆறு மாதம் ஆகலாம் என்றேன். கரெஸ்பாண்டென்ட் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்க பேர எழுதிட்டா உங்க மனசு ஆறிடும் மேடம்" என்றார் தேவகி. "எனக்கு ஆறு மாசம் இங்க யாரு வேல குடுப்பாங்க? நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. சொன்னீங்கன்னா மறுபடி நடத்தறேன்."

அவர் படிவத்தை மேஜைமேல் வைத்து, பதினோராவது கட்டத்தில் விரலை வைத்தார். 'மாணவர் இணைப்பு முனைகளைப் பாதுகாப்பாகக் கையாண்டார்.' அதில் ஒரு டிக் இருந்தது. என் பேனா, என் கை.

"இத எப்போ போட்டீங்க?"

"கன்னியப்பன் உட்கார்ந்தபோது" என்றேன்.

"அவன் கை வெச்சானா மேடம்?"

இல்லை என்றேன். படிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, அடுத்தது இதுதான் என்று தெரியும், கை போகும் முன்பே டிக் போட்டுவிட்டேன். நினைத்தபடி நடந்திருந்தால் ஒரு மனிதன் செத்துக் கிடந்திருப்பான், அவன் பாதுகாப்பாகக் கையாண்டான் என்று என் கையெழுத்தில் தாள் இருந்திருக்கும்.

பையில் இன்னொரு படிவம் இருந்தது. எடுத்தேன். பாடத் தலைப்பு என்ற இடத்தில் அவர் உண்மையில் நடத்திய பாடத்தை எழுதினேன்: பம்புசெட் கன்டென்சரைப் பாதுகாப்பாக வெறுமையாக்குதல். ஒவ்வொரு கட்டமாக, நான் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து நிரப்பினேன். பாடக்குறிப்பு எழுதவில்லை, சி.டி.யைப் பயன்படுத்தவில்லை, நேரம் கடந்தது என்று மூன்று கட்டம் காலி. மீதி பதினெட்டு. பின்பக்கத்தில் நான் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழைய படிவத்தையும் அந்த டிக்கோடு சேர்த்துப் பின் குத்தினேன். கரெஸ்பாண்டென்ட் கையெழுத்துப் போட்டார். தேவகி இரண்டையும் முழுசாகப் படித்த பிறகுதான் போட்டார். நன்றி சொல்லவில்லை. மூன்று மணிக்குக் கிளாஸ் இருக்கிறது என்று போய்விட்டார்.

திரும்பும்போது காஞ்சிபுரம் வழியாக வந்தேன். உத்திரமேரூரில் 3.10க்கு பஸ், ஓரிக்கையைத் தாண்டிக் காஞ்சிபுரம் பேருந்து நிலையம் போய்ச் சேர 4.25. அங்கிருந்து கோயம்பேட்டுக்கு அடிக்கடி பஸ் உண்டு.

அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அறிவித்த பாடம் வேறு, மதிப்பெண் போட்ட பாடம் வேறு, இது எப்படிச் செல்லும் என்று கேட்டார்கள். இரண்டு மணி நேரம் வாதாடினேன். குரலை உயர்த்தினேன் என்றும் சொல்கிறார்கள். தேவகிக்கு ஜனவரியில் சான்றிதழ் போயிற்று. அதே மையத்தில்தான் இருக்கிறார். என்னைப் பார்வையாளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, எடுத்தது சரி. சி.டி. பாடத்தைத் தேவகியோடு போனில் பேசித் திருத்தினேன். அவர் இன்னும் நாலு இடத்தில் தப்பு கண்டுபிடித்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சென்னையிலிருந்து அதிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள், கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு டவுன் பஸ்ஸை நம்ப வேண்டாம். தண்ணீர் கொண்டுபோங்கள். வரப்பில் நடக்க ஷூ வேண்டும். மூன்று ஃபேஸ் எந்த நேரம் வருகிறது என்று முதல் நாளே போன் செய்து கேளுங்கள், வாரத்துக்கு வாரம் மாறும். இணையத் தேர்வில் யாராவது ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பத் தப்பாக எழுதினால், திட்டி மின்னஞ்சல் அனுப்பும் முன் அவர் ஊருக்கு ஒரு நடை போய் வாருங்கள். கொட்டகைக்காரர் வணக்கம் வைத்தால் திருப்பி வையுங்கள், பெயரையும் வந்த வேலையையும் சொல்லுங்கள். விதி கிதி என்று யாராவது சொன்னால் என்னைக் கைகாட்டுங்கள்.

இன்னும் ஒன்று. படிவத்தில் டிக் போட அவசரப்படாதீர்கள். மாணவரின் கை மோட்டாரை விட்டு வெளியே வரட்டும், அதைக் கண்ணால் பாருங்கள், பிறகு பேனாவைத் திறக்கலாம்.